கேட்டைக்குப் பக்கத்தில் பழுப்புக் குறுமீன் தேடுவது எப்படி

விண்மீனாகும் அளவுக்கு நிறை சேராத பழுப்புக் குறுமீனை (brown dwarf) இளசாக இருக்கும்போதே பிடித்துவிட வேண்டும். சூரியனின் நிறையில் 8 சதவீதம்கூடத் தேறாததால் அதற்கு ஹைட்ரஜனை நிலையாக எரிக்க வழியில்லை, நாளாக நாளாக ஆறி மங்கிக்கொண்டே போகும். ஆனால் பத்து லட்சம் வயதில், முழுதாகச் சுருங்கி முடிக்காத நிலையில், 2,500 கெல்வினுக்கு மேலான சூட்டோடு நன்றாகவே ஒளிரும். விண்மீன்கள் பிறக்கும் மேகங்களுக்குள் போய்த் தேடுவது இதற்காகத்தான்.

தொடங்குவதற்கு ரோ ஒஃபியூக்கி மேகம் நல்ல இடம். வானில் கேட்டை நட்சத்திரத்துக்குப் பக்கத்தில், சுமார் 450 ஒளியாண்டு தொலைவில் இருக்கிறது. அங்கே அடர்த்தியான தூசி கண்ணுக்குத் தெரியும் ஒளியை விழுங்கிவிடுகிறது. 2.2 மைக்ரான் அகச்சிவப்பில், அதாவது கே பட்டையில், பருமன் (வெளிச்சத்தைச் சொல்லும் எண், கூடக் கூட மங்கல்) கணக்கில் தூசியின் மறைப்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான்.

1997 முதல் 2001 வரை வானம் முழுவதையும் ஜே, எச், கே என்ற மூன்று அகச்சிவப்புப் பட்டைகளில் அளந்த டூமாஸ் (2MASS) பட்டியல் இலவசமாகவே கிடைக்கிறது. பட்டியல்களைக் கையாளும் டாப்கேட் (TOPCAT) மென்பொருளைத் திறந்து, வானில் மேகத்தின் இடமாக வல ஏற்றம் 16 மணி 27 நிமிடம், நடுவரை விலக்கம் −24.5 பாகை என்று கொடுத்து, அரை பாகை ஆரத்துக்குள் இருப்பதை இறக்குங்கள். முதல் சுற்றுக்கு மூன்று பட்டையிலும் அளவீட்டுத் தரம் 'ஏ' என்று உள்ளவை போதும். தூசியில் ஆழமாகப் புதைந்தவை இதில் விடுபடும், அவற்றை அப்புறம் பார்க்கலாம்.

சரி, இப்போது படம் வரையுங்கள்: கிடையாக எச் கழித்தல் கே, செங்குத்தாக ஜே கழித்தல் எச். இந்தப் பருமன் வித்தியாசங்கள்தான் நிறம். உண்மையான வேலை இங்கேதான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள். தூசி எந்த விண்மீனையும் இந்தப் படத்தில் ஒரே சாய்வில் வலப்பக்கம் மேலே தள்ளும். மேகத்துக்குப் பின்னால் இருக்கும் சிவப்புப் பெருமீன்கள் கிடையாக 0.2, செங்குத்தாக 0.8 அருகிலிருந்து கிளம்பி ஒரு சாய்ந்த வரிசையாகப் பரவும், பழுப்புக் குறுமீனோ கிடையாக 0.4, செங்குத்தாக 0.65 அருகிலிருந்து கிளம்புவதால் தூசி எவ்வளவு தள்ளினாலும் அந்த வரிசையின் கீழ் ஓரத்தில்தான் நிற்கும். அந்த ஓரத்தைப் பிரிக்க ஒரு கோடு போட்டு, அங்கே இருப்பவற்றைச் சாய்வு வழியே பின்னுக்கு இழுத்துத் தூசியைக் கழித்த பிறகு, கே பருமன் சுமார் 11-ஐவிட மங்கலாக இருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்.

சுற்றிலும் தூசித் தட்டு உள்ள இளம் விண்மீன்களும் தொலைதூர கேலக்ஸிகளும் அதே ஓரத்துக்கு வந்து சேரும். ஆகவே நிறத்தை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது, நிறமாலை வேண்டும். குறுமீனின் வளிமண்டலத்தில் உள்ள நீராவி 1.4, 1.9 மைக்ரான் பக்கம் ஒளியை உறிஞ்சுவதால் எச் பட்டை இரு புறமும் சரிகிறது. இளம் வயதில் ஈர்ப்பு குறைவாக இருப்பதால் 1.68 மைக்ரான் அருகே கூரான முக்கோணமாகவே தெரியும். மேகத்தில் வாழும் இளம் குறுமீனுக்கு இதைவிட நல்ல அடையாளத்தை நான் பார்த்ததில்லை.

ஒன்று மட்டும் முதலிலேயே செய்துவிடுங்கள்: இதே மேகத்தில் ஏற்கெனவே எம்6.5 அல்லது அதற்குப் பிந்தைய (இன்னும் குளிர்ந்த) வகை என்று நிறமாலையில் உறுதியானவற்றை சிம்பாட் (SIMBAD) என்ற வான்பொருள் தரவுத் தளத்தில் எடுத்து உங்கள் படத்தின் மேல் போட்டுப் பாருங்கள். அவற்றையே உங்கள் கோடு வெளியே தள்ளினால் கோட்டை நகர்த்துங்கள்.