மக்கும் டப்பா: நெளிவும் கசிவும் நின்ற விதம்

சூடான உணவை நிரப்பியதும் டப்பா நெளிகிறதா? பெரும்பாலும் அது பிஎல்ஏ, அதாவது சோளம் போன்றவற்றின் மாவுச்சத்திலிருந்து செய்யும் நெகிழி. 55–60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்கும். தடிமனைக் கூட்டினாலும் பெரிதாகப் பயனில்லை. குளிர்ந்த பொருளுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டு, சூடானதற்குக் கரும்புச் சக்கை டப்பாவுக்கு மாறியதும் நெளிவு நின்றது. மூடி படிகமாக்கப்பட்ட பிஎல்ஏவாக இருந்தால் சுமார் 85 டிகிரி வரை தாங்கும்.

சக்கை டப்பாவில் தொல்லை வேறு. ஆவி உள்ளேயே நீராகி அடிப்பகுதியை ஊறவைக்கும். மூடியில் சிறு துளை வேண்டும். மொத்தமாக வாங்கும் முன், 85 டிகிரி வெந்நீரை நிரப்பி மூடி, டிஷ்யூ தாளின் மேல் அரை மணி நேரம் வையுங்கள். பிறகு சூடான எண்ணெயிலும் அதே சோதனை. நீரில் தேறுவது எண்ணெயில் தோற்பதுண்டு.

எண்ணெய் கசியாமலிருக்கச் சிலர் ஃப்ளோரின் ரசாயனம் சேர்க்கிறார்கள். ஆய்வக அறிக்கை கேளுங்கள்; மக்கும் பொதிகளுக்கான ஐரோப்பியத் தரமான இஎன் 13432-இல் ஃப்ளோரினுக்கு வரம்பு கிலோவுக்கு 100 மில்லிகிராம். அறிக்கை தராதவரிடம் வாங்குவதில்லை.

'மக்கும்' என்ற அச்சை மட்டும் நம்பக் கூடாது. அந்தத் தரப்படி 12 வாரத்தில் 90 சதவீதம் 2 மில்லிமீட்டருக்கும் சிறு துகளாக வேண்டும். அதுவும் தொழிற்கூட உரக்கிடங்கின் வெப்பத்தில். வீட்டு உரக்குழியில் பிஎல்ஏ அப்படியே கிடக்கும். 'ஆக்சோ' வகை, அதாவது சிதைய வைக்கும் ரசாயனம் கலந்த சாதாரண நெகிழி, உடைந்து நுண்நெகிழியாகும், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

மாவுச்சத்துப் பைகளை வெயிலும் ஈரமும் படாமல் வைத்து, பழைய இருப்பை முதலில் தீர்க்கவும். நாள்பட்டால் மடிப்பில் விரியும்.