ஹார்லன் கவுண்டியில் முன்னோரைத் தேடுவது எப்படி? புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கென்டக்கி மாநிலத்தின் தென்கிழக்கு மூலையில், வர்ஜீனியாவை ஒட்டி இருக்கிறது ஹார்லன் கவுண்டி. கவுண்டி என்பதை மாவட்டம் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுக்க மலை, காடு, ஓடை. 1910-ல் அங்கே இருந்தவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர். மறுவருடம் ரயில் வந்தது, நிலக்கரி வெளியே போகத் தொடங்கியது. 1940-ல் மக்கள்தொகை 75,000-ஐத் தாண்டிவிட்டது. பிறகு சுரங்கங்களுக்குள் இயந்திரங்கள் நுழைந்து ஆட்களை வெளியே தள்ளின. 2020 கணக்கெடுப்பில் 27,000 பேர்கூட இல்லை. இத்தனை பேர் வந்து, இத்தனை பேர் பிரிந்துபோன ஊர் என்பதால்தான் டெட்ராய்ட், சின்சினாட்டி போன்ற தொழில்நகரங்களில் பிறந்த பேரப்பிள்ளைகள் இன்றைக்கும் இந்த மலைகளுக்குள் தங்கள் வேரைத் தேடுகிறார்கள்.

புதியவர்கள் முதலில் செய்வது தாத்தா பெயரைத் தேடுபெட்டியில் தட்டுவது. அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். ஒரே பெயரை மகன், பேரன், சித்தப்பா மகன் என்று எல்லோருக்கும் வைத்த ஊர் இது. ஆளைப் பிரித்துக் காட்டுவது அவர் வாழ்ந்த இடம்தான்.

படி 1: ஓடையைக் கண்டுபிடியுங்கள்

கம்பர்லாண்ட் ஆற்றின் மூன்று கிளைகள் இங்கே ஒன்றுசேர்கின்றன: புவர் ஃபோர்க், குளோவர் ஃபோர்க், மார்ட்டின்ஸ் ஃபோர்க். இரண்டு மலைச்சரிவுக்கு நடுவே ஓடையோடு நீளும் ஒடுக்கமான பள்ளத்தாக்கை ஊர்க்காரர்கள் ‘ஹாலர்’ என்பார்கள். குடும்பங்கள் ஹாலர் ஹாலராகத்தான் குடியிருந்தன. வீட்டுப் பெரியவர்களிடம் “எந்த ஊர்?” என்று கேட்காமல் “எந்த ஓடை?” என்று கேளுங்கள். பதில் கிடைத்ததும் வரைபடத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஊர்ப்பெயர்களும் மாறியிருக்கின்றன: இன்றைய கம்பர்லாண்ட் நகரம் முன்பு புவர் ஃபோர்க். கவுண்டித் தலைநகரான ஹார்லனுக்கு முன்பு மவுண்ட் பிளெசன்ட் என்று பெயர்.

படி 2: எல்லைக்கோடு நகர்ந்ததைக் கவனியுங்கள்

ஹார்லன் 1819-ல் நாக்ஸ், ஃபிளாய்டு கவுண்டிகளிலிருந்து பிரிந்தது. பிறகு இதன் நிலத்தையும் வெட்டி எடுத்து 1842-ல் லெட்சர், 1867-ல் பெல், 1878-ல் லெஸ்லி கவுண்டிகள் உருவாயின. வீட்டை விட்டு ஓரடி நகராத குடும்பத்துக்குக்கூடத் திருமணப் பதிவு ஒரு கவுண்டியிலும் நிலப்பத்திரம் இன்னொன்றிலும் இருக்கலாம். சம்பவம் நடந்த வருடத்தில் அந்த நிலம் எந்தக் கவுண்டியில் இருந்தது என்று பார்த்து, அந்தக் கவுண்டி கிளார்க் அலுவலகப் பதிவேட்டில் தேடுங்கள். பலரும் மாதக்கணக்கில் முட்டிக்கொண்டு நிற்பது இங்கேதான்.

படி 3: மரணச் சான்றிதழிலிருந்து பின்னோக்கிப் போங்கள்

கென்டக்கியில் பிறப்பு, இறப்புப் பதிவு 1911-ல்தான் மாநிலம் முழுக்க ஒழுங்காகத் தொடங்கியது. மரணச் சான்றிதழ் ஒரே தாள்தான், ஆனால் இறந்தவரின் தொழில், பிறந்த இடம், தகப்பன் பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், புதைத்த இடம் எல்லாம் அதில் இருக்கும். ‘தகவல் சொன்னவர்’ என்ற வரியையும் விடாமல் படியுங்கள். மனைவி சொன்னதா, அடக்கத்துக்கு ஓடிவந்த மருமகன் சொன்னதா என்பதைப் பொறுத்துத்தான் மற்ற வரிகளை நம்பலாம். இறப்புக்குக் காரணம் சுரங்கக் கூரையிலிருந்து விழுந்த கல் என்று எழுதியிருந்தால், அந்த வார நாளிதழையும் புரட்டிப் பாருங்கள்.

படி 4: சென்சஸ் தாள்களை ஒவ்வொன்றாகப் படியுங்கள்

சென்சஸ் பத்து வருடத்துக்கு ஒருமுறை எடுக்கப்படுகிறது. தாள்கள் 72 வருடம் கழித்துத்தான் பொதுப்பார்வைக்கு வரும். 1950 வரை இப்போது திறந்திருக்கிறது. ஃபேமிலிசர்ச் இணையதளத்தில் இலவசக் கணக்கு தொடங்கினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம்.

1950-ல் தொடங்கிப் பின்னோக்கி வாருங்கள். 1940 தாளில் ‘1935-ல் எங்கே இருந்தீர்கள்?’ என்று ஒரு கேள்வி உண்டு. வேலை தேடி வந்த குடும்பத்துக்கு அந்தப் பதில் ஒரு பொக்கிஷம். 1890 தாள்களில் பெரும்பகுதி வாஷிங்டனில் 1921-ல் நடந்த தீவிபத்தில் எரிந்தும் சேதமாகியும் போய்விட்டது. 1880-க்கும் 1900-க்கும் நடுவே விழும் இருபது வருட இடைவெளியைத் திருமணப் பதிவு, நிலப்பத்திரம், வரிப்பட்டியல் கொண்டுதான் நிரப்ப வேண்டும். 1850-க்கு முந்தைய தாள்களில் குடும்பத்தலைவர் பெயர் மட்டும் இருக்கும், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கைதான்.

1900 தாளில் மட்டும் கொஞ்சம் நின்று பாருங்கள். பெண்களின் வரியில் அடுத்தடுத்து இரண்டு எண்கள் இருக்கும்: பெற்ற பிள்ளைகள், உயிரோடு இருப்பவர்கள். 11 என்றும் பக்கத்தில் 6 என்றும் எழுதியிருந்தால், ஐந்து பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய் அவள். முறையான பிறப்புப் பதிவு இல்லாத காலம் என்பதால், அந்தக் குழந்தைகள் இருந்ததற்கு அந்த எண்ணைத் தவிர வேறு தடயமே இல்லாமலும் போயிருக்கலாம். குடும்ப மரம் வரையும்போது பெயர் தெரியாவிட்டாலும் அவர்களுக்கும் ஐந்து கிளை விடுங்கள். நான் அப்படித்தான் செய்வேன்.

கறுப்பினக் குடும்பங்களைத் தேடுகிறவர்களுக்கு 1870 முக்கியமான வருடம். 1850, 1860 அடிமைப் பட்டியல்களில் உரிமையாளரின் பெயர்தான் இருக்கும். அடிமைப்படுத்தப்பட்டவர்கள், அநேகமாக எல்லா இடத்திலும், வயது, பால், நிறம் என்று மட்டுமே பதிவானார்கள். விடுதலைக்குப் பின் அவர்களைப் பெயரோடு எழுதிய முதல் சென்சஸ் 1870. ஆனால் ஹார்லனின் கறுப்பினச் சுரங்கத் தொழிலாளர்களில் பலர் பின்னாளில் அலபாமாவிலிருந்து வந்தவர்கள். அவர்களுடைய 1870-ஐ அங்கேதான் தேட வேண்டும்.

படி 5: கம்பெனி ஊர்களைத் தனியாகப் பாருங்கள்

லிஞ்ச், பென்ஹம் இரண்டும் கம்பெனிகள் கட்டிய ஊர்கள். லிஞ்ச்சை 1917-ல் கட்டத் தொடங்கியது யு.எஸ். ஸ்டீலின் துணை நிறுவனம். அங்கே இத்தாலி, ஹங்கேரி, போலந்திலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். அவர்கள் பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். அதனால் உச்சரித்துப் பார்த்து நாலைந்து எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். வீடு கம்பெனியுடையது என்பதால் பத்திரம் கிடைக்காது. அதற்குப் பதிலாக முதல் உலகப்போரின் படைச்சேர்ப்பு அட்டையைத் தேடுங்கள். 1918 செப்டம்பருக்குள் 18 முதல் 45 வயது வரையான ஆண்கள் பதிய வேண்டியிருந்தது. முதலாளி யார், எங்கே வேலை என்பதோடு, கீழே அவர் கையெழுத்தும் இருக்கும். எழுதத் தெரியாதவர் என்றால் ஒரு பெருக்கல் குறி.

படி 6: மேட்டில் இருக்கும் கல்லறைகள்

மலைக்குடும்பங்கள் வீட்டுக்கு மேலே உள்ள மேட்டில் புதைப்பார்கள். பல இடங்களில் பெயர் வெட்டாத காட்டுக்கல்தான் நட்டிருக்கும். நிலத்துக்காரரிடம் அனுமதி கேட்டு, செடி அடங்கிய குளிர்காலத்தில் போங்கள். கல்லைச் சுரண்டவோ, சுண்ணக்கட்டி பூசவோ வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும். ஒரு கண்ணாடியால் பக்கவாட்டில் வெயிலைத் திருப்பினாலே மங்கிய எழுத்து எழுந்து தெரியும். பெயருள்ள கல்லுக்கும் பெயரில்லாத கல்லுக்கும் எத்தனை அடி, எந்தத் திசை என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். 1900 தாளில் குறைந்த அந்த ஐந்து பேர் அந்த வரிசையில் இருக்கலாம்.