ஜாடியில வெச்ச பூ சீக்கிரம் வாடாம இருக்க என்ன செய்யணும்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ்லயோ மார்க்கெட்லயோ நாம வாங்குற ரோஜா, செவ்வந்தியெல்லாம் பெரும்பாலும் கேமரன் மலை குளிர்ல வளந்தது, அத கோலாலம்பூர் சூட்டுல கொண்டாந்து வெச்சா முதல்ல கெடுறது தண்ணிதான், அப்புறம்தான் பூ. தண்ணியில பாக்டீரியா பெருகி காம்புக்குள்ள இருக்குற குழாய அடைச்சிடும், ஜாடி நிறைய தண்ணி இருந்தும் பூவுக்கு ஏறாது.

முதல் வேலை ஜாடிய சோப்பு போட்டு நல்லா தேய்ச்சு கழுவுறது. உள்ள விரல விட்டா வழவழப்பே இருக்கக் கூடாது.

அடுத்து காம்பு. கூரான கத்தியால அடியில 2 சென்டிமீட்டர் சாய்வா வெட்டுங்க, மொட்டையான கத்தரிக்கோல் காம்ப நசுக்கிடும். வெட்டுன உடனே தண்ணியில வைங்க, இல்லன்னா காத்து உள்ள போயி அடைச்சுக்கும். தண்ணிக்குள்ள முங்குற இலைய எல்லாம் உருவிடுங்க, அழுகுறதே அங்கதான் ஆரம்பிக்கும்.

இப்ப தண்ணி. 1 லிட்டருக்கு சீனி 1 டீஸ்பூன், எலுமிச்ச சாறு 2 டீஸ்பூன், வாசனை இல்லாத ப்ளீச் கால் டீஸ்பூன். ப்ளீச்ச முதல்ல தண்ணியில கலக்கிட்டு அப்புறமா சாறு ஊத்துங்க, ரெண்டையும் நேரா ஒண்ணா ஊத்தவே ஊத்தாதீங்க, விஷ வாயு வரும். நிறைய பேரு சீனி மட்டும் போடுறாங்க, அது பூவ விட பாக்டீரியாவுக்குத்தான் சாப்பாடு, அதுக்கு வெறும் தண்ணியே மேல். ஜெர்பராவுக்கு மட்டும் தண்ணி 5 சென்டிமீட்டர் போதும், அதோட காம்பு சீக்கிரம் அழுகும். நம்ம ஊரு சூட்டுக்கு தினமும் தண்ணிய மாத்திடுங்க, ரெண்டு நாளைக்கு ஒரு தடவ காம்பையும் கொஞ்சம் வெட்டி விடுங்க.

எங்க வைக்கிறோம்ங்கறதும் முக்கியம். சாமி மேடையில வாழப்பழ சீப்புக்குப் பக்கத்துலயே பூ ஜாடிய வைக்கிறது நம்ம வீடுகள்ல சகஜம், ஆனா பழுக்குற பழத்துல இருந்து எத்திலீன் வாயு வரும், கார்னேஷன் அதுல சுருங்கிடும், ஆர்கிட் மொட்டு உதிரும். பழத்த ஒரு ஓரமா தள்ளி வைங்க. ராத்திரி ஐஸ்பெட்டியில வைக்கிறதா இருந்தா ரோஜா தாங்கும், ஆர்கிட்ட வைக்காதீங்க, அது வெப்ப நாட்டுப் பூ, 10 டிகிரிக்கு கீழ போனா இதழ் கெட்டுடும்.

ரோஜா இதழ் நல்லா இருக்கும்போதே கழுத்து மட்டும் தொங்கிடுச்சா? தூக்கிப் போடாதீங்க, தண்ணி ஏறலன்னு அர்த்தம். அடிக்காம்ப மறுபடி வெட்டி, பேசின்ல தண்ணி புடிச்சு பூவோட முழுசா படுக்க வைங்க, ஒரு மணி நேரத்துல பெரும்பாலும் நிமிந்துடும்.