சைப்ரஸ் தீவில் பூநாரை, காட்டுச் செம்மறி, கடலாமை: முதன்முறை செல்வோருக்கான செய்முறை விளக்கம்

லார்னகா விமான நிலையத்தை விட்டு வெளியே வந்த சில நிமிடங்களிலேயே உப்பேரி கண்ணில் படும். பூநாரைகள் கூட்டமாக மேயும் ஏரி என்று படித்துவிட்டு, ஓர் ஆகஸ்டு மாத நண்பகலில் அதன் கரையில் போய் நின்றபோது, கண்ணைக் கூசச் செய்யும் வெண்ணிற உப்புப் படலத்தைத் தவிர அங்கே வேறொன்றும் இருக்கவில்லை. கோடையில் அந்த ஏரி வற்றிவிடும் என்பதைக்கூட விசாரிக்காமல் விமானச் சீட்டு வாங்கியது என் பிழை. பின்னர் ஒரு பிப்ரவரி மாதத்தில் மீண்டும் சென்று சரிசெய்துகொண்டேன். விடுதி, உணவு பற்றியெல்லாம் எழுதப் பலர் இருப்பதால், அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதல் படி: விலங்கைத் தேர்ந்தெடுங்கள், மாதம் தானாக அமையும்

பூநாரைகள் நவம்பர் வாக்கில் வந்து மார்ச் இறுதிக்குள் பெரும்பாலும் கிளம்பிவிடுகின்றன. கடலாமைகள் முட்டையிடுவதோ ஜூன் முதல் ஆகஸ்டு வரை. குஞ்சுகள் வெளிவருவது செப்டம்பரிலும் தொடரும். ஆகவே இரண்டையும் ஒரே பயணத்தில் பார்த்துவிடலாம் என்ற ஆசையை முதலிலேயே விட்டுவிடுங்கள். பறவை, காட்டுப்பூ, மலைநடை ஆகிய மூன்றும் வேண்டுமென்றால் மார்ச் மாதமே என் தேர்வு: ஏரியில் நீர் இருக்கும், ஆர்க்கிட் மலர்கள் பூத்திருக்கும், ஆப்பிரிக்காவிலிருந்து வலசைப் பறவைகளும் வரத் தொடங்கியிருக்கும். சைப்ரஸைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டாத இரண்டு சிறு பறவைகளுள் சைப்ரஸ் வார்ப்ளர் குளிர்காலத்திலும் தீவில் தென்படும். சைப்ரஸ் வீட்டியரோ மார்ச்சில்தான் திரும்பி வரும். நான் பிப்ரவரியில் போய் இரண்டாவதைத் தவறவிட்டேன்.

இரண்டாம் படி: கருவிகள்

எட்டு மடங்கு பெரிதாக்கும் 8x42 இருகண்ணோக்கி போதும். பத்து மடங்கு பெரிதாக்குவது மேலானது என்று கடைக்காரர் சொல்வார். ஆனால் தாங்கி இல்லாமல் வெறுங்கையில் பிடிக்கும்போது அதில் நடுக்கமும் பத்து மடங்காகத் தெரியும் என்பதை அவர் சொல்லமாட்டார். பறவையின் குரலைக் கேட்டுப் பெயர் சொல்லும் மெர்லின் செயலியையும், இணையமின்றி இயங்கும் வரைபடம் ஒன்றையும் கிளம்புவதற்கு முன்பே தரவிறக்கிக்கொள்ளுங்கள். மலைப் பள்ளத்தாக்குகளில் அலைபேசித் தொடர்பை நம்ப முடியாது. வாடகைக் கார் கட்டாயம் தேவை. அங்கேயும் இடப்பக்கமே ஓட்ட வேண்டும் என்பதால் நம்மவர்களுக்குத் தயக்கம் இருக்காது.

மூன்றாம் படி: உப்பேரி

ஏரியைக் கண்டுபிடிப்பது எளிது. எந்தக் கரையில், எந்த வேளையில் நிற்பது என்பதில்தான் நான் இரண்டு நாட்களை வீணாக்கினேன். எல்லோரும் எடுக்கும் படத்தில் பின்னணியாக இருக்கும் ஹலா சுல்தான் தெக்கே என்ற பள்ளிவாசல் ஏரியின் மேற்குக் கரையில் இருக்கிறது. அங்கே காலையில் போய் நின்றால் சூரியன் நேர் எதிரே இருக்கும். இளஞ்சிவப்புப் பறவைகள் அனைத்தும் கரிய நிழலுருக்களாகவே தெரியும். காலை வேளையில் நகரத்துப் பக்கமான கிழக்குக் கரையின் நடைபாதையிலும், மாலை மூன்று மணிக்குப் பிறகு தெக்கேயின் பக்கமும் நின்றால் வெயில் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். பள்ளிவாசலும் மினாரும் படத்தில் விழ வேண்டுமானாலும் காலையில் கிழக்குக் கரையே சரியான இடம்.

பறவைகள் கரைக்கு அருகில் வரவில்லையே என்று சேற்றில் இறங்கிவிடாதீர்கள். உப்புப் படலம் கெட்டியாகத் தெரிந்தாலும் அடியில் களி இருக்கிறது. என் காலணி ஒன்று அங்கே புதைந்து மீண்டது. அதைவிட முக்கியமாக, ஒருவர் இறங்கினால் கூட்டம் முழுவதும் பறந்துவிடும். குளிர்கால மழையில் ஏரி நிரம்பியதும் பெருகும் உப்புநீர் இறாலே அவற்றின் தீனி. இறகின் சிவப்பும் அந்தத் தீனியிலிருந்து வருவதே. மழை பொய்த்த ஆண்டில் தீனியும் குறையும், பறவையும் குறையும். கோடியக்கரைக்கு வரும் அதே பெரும் பூநாரை இனந்தான் இங்கும் வருகிறது. (கிழவி ஒருத்தி திராட்சை தர மறுத்ததால் புனித லாசரஸ் அவளுடைய தோட்டத்தைச் சபித்து உப்பாக்கினார் என்பது ஊர்க்கதை.)

நான்காம் படி: ட்ரூடோஸ் மலை

தீவின் உச்சியான ஒலிம்பஸ் 1952 மீட்டர் உயரமுடையது. கடற்கரையில் வெயில் அடிக்கும் நாளிலும் மேலே பனி கிடக்கலாம் என்பதால் கம்பளிச் சட்டை எடுத்துச் செல்லுங்கள். உச்சியைச் சுற்றிவரும் ஆர்ட்டெமிஸ் பாதை ஏறத்தாழ 7 கிலோமீட்டர்; ஏற்றம் குறைவு, கரும் பைன் மரங்களின் நிழல் உண்டு; பழகாத கால்களுக்கு இதையே பரிந்துரைப்பேன்.

மூஃப்லான் எனப்படும் காட்டுச் செம்மறி மேற்கேயுள்ள பாஃபோஸ் காட்டில் வாழ்கிறது. சைப்ரஸின் 1, 2, 5 சென்ட் நாணயங்களில் இருப்பது இந்த விலங்கே. 1930களில் ஏறக்குறைய அழிந்தே போயிருந்த இனம் இது. மனித வாடை பட்டாலே மறைந்துவிடும். விடியலில் காரை நிறுத்தி, இயந்திரத்தை அணைத்து, ஒரு மணி நேரம் அசையாமல் காத்திருந்தும் எனக்கு அது கிட்டவில்லை. ஸ்டாவ்ரோஸ் திஸ் ப்சோகாஸ் வனத்துறை நிலையத்தில் வேலியிட்ட பரப்பில் சிலவற்றை வைத்திருக்கிறார்கள். கூச்சமின்றி அங்கேயே போய்ப் பாருங்கள்.

ஐந்தாம் படி: லாரா கடற்கரை

மத்தியதரைக் கடலில் முட்டையிடுபவை பெருந்தலை ஆமையும் பேராமையும்; சென்னைக் கரைக்கு வரும் பங்குனி ஆமை அங்கே முட்டையிடுவதில்லை. அகாமாஸ் தீபகற்பத்தின் லாரா கரையில் 1978 முதல் மீன்வளத்துறை ஆமைக் கூடுகளைப் பாதுகாத்து வருகிறது. மணலில் கவிழ்த்த கூண்டுகளைக் கண்டால் அவற்றின் கீழ் முட்டைகள் இருக்கின்றன என்று பொருள். குடைக் கம்பு நடுவதும், இரவில் தங்குவதும், வண்டியை மணலில் இறக்குவதும் கோடையில் அங்கே சட்டப்படி குற்றம்: கம்பு முட்டையைத் துளைக்கும், விளக்கொளி குஞ்சுகளைக் கடலுக்கு எதிர்த்திசையில் இழுக்கும். ஆகவே பகலில் கூடுகளையும், காலையில் மணலில் பதிந்திருக்கும் தாய் ஆமையின் தடங்களையும் பார்ப்பதோடு நிறைவடைய வேண்டும்.

அங்கே செல்லும் கடைசிப் பகுதி கரடுமுரடான மண்சாலை. பல வாடகைக் கார் ஒப்பந்தங்களில் மண்சாலையில் நேரும் சேதத்துக்குக் காப்பீடு கிடையாது. கையெழுத்திடுமுன் அந்த வரியைத் தேடிப் படியுங்கள்.

பிற்சேர்க்கை: பாம்பு உண்டா என்று மூன்று வாசகர்கள் கேட்டுவிட்டார்கள். உண்டு. அவற்றுள் மழுங்கிய மூக்குடைய விரியன் மட்டுமே உண்மையில் அஞ்சத்தக்கது. வெப்பமான மாதங்களில் கல்சுவர்களுக்கு அருகிலும் நீரோடைகளின் ஓரத்திலும் கிடக்கும். கணுக்காலை மூடும் காலணி அணியுங்கள், பார்க்காத இடத்தில் கை வைக்காதீர்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவதோ கீறுவதோ கூடாது. கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்துக்கொண்டு 112-ஐ அழையுங்கள்.