ஆய்வுக் கப்பல் இப்போது எங்கே? போனிலேயே பார்க்கும் வழி

2022 ஆகஸ்ட் 16ஆம் தேதி சீன ஆய்வுக் கப்பலான யுவான் வாங் 5 அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்த நாட்களில், இங்கே ஹப்புத்தளையிலும் அதே பேச்சுத்தான். கப்பல் உள்ளே வந்துவிட்டதா, வெளியில் நிற்கிறதா என்று ஆளுக்கொரு கதை. யாரையும் கேட்கத் தேவையில்லை, நாமே பார்த்துக்கொள்ளலாம். அந்தக் கப்பலையே உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

முதல் வேலை, கப்பலின் ஐஎம்ஓ (சர்வதேசக் கடல்சார் அமைப்பு) எண்ணைக் கண்டுபிடிப்பது. பெயரைப் போட்டுத் தேடினால் யுவான் வாங் 3, 5, 6, 7 எல்லாம் வரும். பெயரும் கொடியும் மாறினாலும் இந்த ஏழு இலக்க எண் மாறாது. நம் கப்பலுக்கு 9413054. எண் சரியா என்று பார்க்க, முதல் ஆறு இலக்கங்களை வரிசையாக 7, 6, 5, 4, 3, 2 ஆல் பெருக்கிக் கூட்டுங்கள்: 63+24+5+12+0+10 = 114. கடைசி இலக்கம் 4, எண்ணின் கடைசி இலக்கமும் 4. சரி.

அந்த எண்ணை, கப்பல்களை வரைபடத்தில் காட்டும் வெசல்ஃபைண்டர் தளத்தில் தேடுங்கள். மரைன்டிராஃபிக்கிலும் செய்யலாம், மலைப்பக்கத்து சிக்னலுக்கு எனக்கு முன்னதுதான் பிடிக்கும்.

இனிக் கவனமாகப் படியுங்கள். வரைபடத்தில் கப்பல் தெரிந்தவுடன் 'அங்கேதான் நிற்கிறது' என்று நம்பிவிடாதீர்கள். அந்த இடம் எப்போது பதிவானது என்ற நேரத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும். யுடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால், இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டுங்கள். கப்பலின் இடத்தையும் அடையாளத்தையும் தானாக அறிவிக்கும் ஏஐஎஸ் கருவி, விஎச்எஃப் என்ற வானொலி அலையில் பேசுகிறது. கரையோர ஆன்டெனாக்களுக்கு எட்டும்வரைதான் அது இலவச வரைபடத்தில் புதிதாக வரும். நடுக்கடலில் செயற்கைக்கோள்தான் கேட்கும், அதற்குப் பெரும்பாலும் பணம் கட்ட வேண்டும். ஆகவே இரண்டு நாள் பழைய புள்ளியை வைத்துக்கொண்டு செய்தி பரப்பாதீர்கள்.

போகும் துறைமுகம், 'நங்கூரமிட்டுள்ளது' என்ற நிலை, மிதவை ஆழம் (கப்பல் நீருக்குள் மூழ்கியிருக்கும் அளவு) மூன்றும் மாலுமிகள் கையால் பதிவது. வேகத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்: 12 நாட் வேகத்தில் போகும் கப்பல் நங்கூரத்தில் இருக்க முடியாது. ஒரு நாட் என்றால் மணிக்கு 1.852 கிலோமீட்டர்.

நீளம் அதே பக்கத்தில் இருக்கும். யுவான் வாங் 5க்கு 222 மீட்டர். மொத்த டன்னேஜ், கட்டிய ஆண்டு போன்றவற்றுக்கு ஈக்வாசிஸ் தளத்தையே நம்புகிறேன். இலவசம், கணக்குத் திறந்தால் போதும்.

பின்சேர்க்கை: 'ஆய்வுக் கப்பல் என்று வடிகட்டினால் ஒன்றும் வரவில்லையே' என்று கேட்டிருந்தார்கள். ஏஐஎஸ் வகைப் பட்டியலில் ஆய்வுக் கப்பலுக்குத் தனிக் குறியீடு கிடையாது. பல கப்பல்கள் 'மற்றவை' என்றே தெரியும். எண்ணைக் கொண்டே தேடுங்கள்.

இன்னொரு கேள்வி, வீட்டிலிருந்தே சிக்னலைப் பிடிக்கலாமா என்று. தெற்கே கடல் பக்கம் திறந்திருக்கும் உயரமான வீடு என்றால் தாராளமாக முயலலாம். பனிமூட்டம் இந்த அலையைத் தடுக்காது, நடுவில் மலை நின்றால்தான் சிரமம். ஒரு ஆர்டிஎல்-எஸ்டிஆர் டாங்கிள் (கணினியில் செருகும் சிறிய வானொலி வாங்கி), சிக்னலைப் படித்துக் காட்டும் ஏஐஎஸ்-கேட்சர் மென்பொருள், ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் நிமிர்ந்த கம்பி ஆன்டெனா போதும். அலைவரிசை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ்.