ஓஎல்இடியா, மினி எல்இடியா? கோலாலம்பூர் வீட்டுக் கூடத்திற்குத் தொலைக்காட்சி தேர்ந்தெடுக்கும் முறை

கடைக்குப் போவதற்கு முன்பு ஒரு சோதனையை வீட்டிலேயே செய்துவிட வேண்டும். உங்கள் குடும்பம் வழக்கமாகத் தொலைக்காட்சி பார்க்கும் நேரத்தில், இப்போதுள்ள பெட்டியை அணைத்துவிட்டு, வழக்கமான இருக்கையில் அமர்ந்து, கறுத்த அந்தத் திரையில் என்னென்ன தெரிகிறது என்று பாருங்கள். வாசல் கண்ணாடிக் கதவு, அதற்கு வெளியே கார் நிற்கும் இடத்து வெயில், கிரில் கம்பிகளின் கோடுகள், கூரையிலுள்ள நீளமான விளக்கு, சாமி மேடையின் சிவப்பு பல்பு என்று எவை இன்று தெரிகின்றனவோ, அவை நாளை வாங்கப்போகும் பெட்டியிலும் பெரும்பாலும் தெரியத்தான் செய்யும். இந்தச் சோதனையை மாலை 5 மணிக்கு ஒரு முறையும் இரவு 9 மணிக்கு ஒரு முறையும் செய்து, கண்டதை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அந்தத் தாளே அடிப்படை.

ஏறக்குறைய இருபது ஆண்டுகளுக்கு முன்பு இதே கேள்வி வேறு பெயர்களில் வந்தது. செந்தூலில் இருந்த என் மைத்துனர், திரையின் புள்ளிகளே ஒளிரும் பிளாஸ்மா பெட்டியை வாங்கினார். பக்கத்து வீட்டு அண்ணன், பெட்டிக்குள் ஒரு விளக்கை வைத்துப் பின்னாலிருந்து படத்தைத் திரையில் வீழ்த்தும் எல்சிடி பெட்டியை வாங்கினார். மைத்துனர் வீட்டுத் திரையில் ஒரு செய்தி அலைவரிசையின் சின்னம் நிழலாகப் படிந்து, படம் பார்க்கும்போதும் மூலையில் பேய்போல நின்றது. அண்ணன் வீட்டிலோ விளக்கு மங்கிக்கொண்டே வந்து ஒரு நாள் அணைந்தது. மாற்று விளக்கின் விலையைக் கேட்டதும் பெட்டியே பின்கட்டுக்குப் போனது. பின்வீழ்த்திப் பெட்டிகளைக் கடைசிவரை விடாமல் செய்துவந்த மிட்சுபிஷி 2012இல் அவற்றைக் கைவிட்டது. பேனசோனிக் 2013இன் இறுதியில் பிளாஸ்மா உற்பத்தியை நிறுத்த, சாம்சங்கும் எல்ஜியும் 2014இல் நிறுத்தின. பெட்டிகள் மறைந்தாலும் அவற்றுக்கிடையே இருந்த வேறுபாடு மறையவில்லை: தானே ஒளிரும் திரையா, பின்னாலிருந்து ஒளியூட்டப்படும் திரையா என்பதுதான் இன்றும் நம் முன் உள்ள தேர்வு.

தானே ஒளிர்வது ஓஎல்இடி. அதன் ஒவ்வொரு புள்ளியும் தனக்குத் தானே விளக்கு. கறுப்பு வேண்டிய இடத்தில் அந்தப் புள்ளி முழுவதுமாக அணைந்துவிடுகிறது. மற்றவை எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் எல்சிடிதான். எல்இடி என்பது எல்சிடிக்குப் பின்னால் இருக்கும் விளக்கின் பெயர். கியூஎல்இடி என்பது அந்த விளக்கின் ஒளி கடந்துசெல்லும் நிறப்படலத்தால் வந்த பெயர். ஓஎல்இடி, கியூஎல்இடி இரண்டையும் ஒரே குடும்பம் என்று எண்ணிப் பணம் கட்டியவர்களை நான் அறிவேன். மினி எல்இடி என்பதும் எல்சிடியே. ஆனால் அதன் பின்னொளி மிகச் சிறிய விளக்குகளாலான பல நூறு அல்லது ஆயிரக்கணக்கான பகுதிகளாகப் பிரிந்து, இருண்ட காட்சியில் தேவையான பகுதிகளை மட்டும் மங்கச் செய்கிறது. பகுதி ஒன்று பல்லாயிரம் புள்ளிகளை மூடியிருப்பதால், இருட்டில் ஒரு வெள்ளை எழுத்து வந்தால் அதைச் சுற்றிச் சாம்பல் நிற ஒளிவட்டம் படரும். தமிழ்ப் படங்களை மலாய் வசன வரிகளோடு பார்க்கும் நம் நாட்டில் இது சிறிய குறை அன்று; இரவுக் காட்சி வரும்போதெல்லாம் திரையின் அடிப்பகுதி மங்கலாக வெளுத்துக்கொண்டே இருக்கும். பகுதிகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்தக் குறை குறையும்.

இனி உங்கள் தாளுக்கு வருவோம். மாலையில் கண்ணாடிக் கதவு திரையில் அப்படியே தெரிந்திருந்தால், அந்தக் கூடத்திற்கு மினி எல்இடியே பொருந்தும். ஓஎல்இடி சிறிய பரப்பில் பளீரென்று ஒளிர வல்லது என்றாலும், கிரிக்கெட் மைதானம்போலத் திரை முழுவதும் வெளிச்சமாகும் காட்சியில் தன் ஒளியைத் தானே குறைத்துக்கொள்ளும். மினி எல்இடிக்கு அந்தக் கட்டுப்பாடு மிகக் குறைவு. ஓஎல்இடியிலும் இரண்டு வகை உண்டு. கியூடி-ஓஎல்இடி என்ற வகை நிறத்தில் மிகச் சிறந்தது. ஆனால் வெளிச்சமான அறையில் அதன் கறுப்பு சற்றே ஊதா கலந்த சாம்பலாகத் தோன்றும். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பகலில் தொடர் பார்க்கும் வீட்டுக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மாறாக, திரை பக்கச் சுவரில் இருந்து, கதவுக்குத் தடித்த திரைச்சீலையும் போட்டு, இரவு உணவுக்குப் பிறகே பெட்டியைப் போடும் வீடாக இருந்தால், ஓஎல்இடியின் கறுப்புக்கு ஈடாக எதுவும் இல்லை.

அடுத்துக் கேட்க வேண்டியது, உங்கள் திரையில் அசையாமல் நிற்பவை யாவை என்பது. அலைவரிசைச் சின்னம், செய்திப் பட்டை, விளையாட்டின் ஓட்ட எண்ணிக்கை, பிள்ளைகளின் கணினி விளையாட்டில் ஓரமாக நிற்கும் வரைபடம் ஆகியவை ஒரே இடத்தில் ஒரே நிறத்தில் நாள்தோறும் பல மணி நேரம் நின்றால், ஓஎல்இடியில் அந்தப் புள்ளிகள் மட்டும் விரைவாகத் தேய்ந்து நிழல் படியும். பிளாஸ்மாவின் பழைய நோய் இது. இன்றைய பெட்டிகள் படத்தை ஓரிரு புள்ளிகள் நகர்த்தியும், சின்னங்களை மங்கச் செய்தும் இதைப் பெரிதும் தள்ளிப்போடுகின்றன. ஆயினும் காலையில் எழுந்ததும் தாத்தா ஒரே அலைவரிசையை வைத்து, இரவு வரை மாற்றாமல் விட்டுவிடும் வீடுகள் நம்மிடையே நிறைய உண்டு; அத்தகைய வீட்டில் எவ்வளவு இருட்டான கூடமாக இருந்தாலும் எல்சிடியே பாதுகாப்பு.

ஓஎல்இடி வாங்குவோர் இடிமின்னலைப் பற்றியும் யோசிக்க வேண்டும்; இதைக் கடையில் யாரும் சொல்வதில்லை. தேய்மானத்தைச் சமன்செய்யும் பணியை ஓஎல்இடி பெட்டி நாம் அணைத்த பிறகே செய்கிறது. பல தயாரிப்புகளில், மொத்தம் 4 மணி நேரம்போல ஓடிய பின் ரிமோட்டால் அணைத்தால், சில நிமிடங்கள் உள்ளுக்குள் அந்தப் பணி நடக்கும். அதற்கு மின்சாரம் வேண்டும். நம் வீட்டுப் பெரியவர்களோ படுக்கப்போகும் முன் சுவரிலுள்ள சுவிட்சையும் சேர்த்து அணைத்துவிடுவார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் பிற்பகலில் இடிக்கும் இடியைக் கேட்டவர்கள் அந்தப் பழக்கத்தைக் குறை சொல்ல முடியாது. இரண்டையும் ஒத்துப்போகச் செய்யும் வழி இதுதான்: ரிமோட்டால் அணைத்து, அரை மணி நேரம் கழித்துச் சுவர் சுவிட்சை அணையுங்கள், வானம் இருண்டு வந்தால் மட்டும் காத்திராமல் மூன்று முள் பிளக்கையே பிடுங்கிவிடுங்கள், ஏனெனில் சுவிட்ச் துண்டிப்பது ஒரு கம்பியை மட்டுமே. அதோடு டிகோடரின் பின்னாலுள்ள டிஷ் கம்பியையும் கழற்ற வேண்டும். டிஷ் வழியாக வந்த மின்னல் டிகோடரைக் கடந்து எச்டிஎம்ஐ வாயில் நுழைந்து, பிளக் பிடுங்கிய பெட்டியையும் கெடுத்ததை எங்கள் வரிசையிலேயே இரண்டு வீடுகளில் கண்டிருக்கிறேன்.

அளவு பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். 4கே படத்திற்கு, திரையின் மூலைவிட்ட நீளத்தைப்போல் 1.2 முதல் 1.6 மடங்கு தொலைவில் அமர்வது நல்லது. 55 அங்குலத்திற்கு இது சுமார் 1.7 முதல் 2.2 மீட்டர், 75 அங்குலத்திற்குச் சுமார் 2.3 முதல் 3 மீட்டர். 20 அடி அகல வரிசை வீட்டில் சோபாவைச் சுவரோரம் போட்டிருப்பவர்கள் 55 அங்குலம் வாங்கிவிட்டுப் பிறகு வருந்துவது வழக்கம். பழைய நாளிதழ்த் தாள்களை 144 சென்டிமீட்டர் அகலம், 81 சென்டிமீட்டர் உயரத்திற்கு ஒட்டிச் சுவரில் தொங்கவிட்டால் 65 அங்குலம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். அமர்ந்திருப்பவரின் கண் மட்டத்திற்கு மிக மேலே பெட்டியை மாட்ட வேண்டாம்.

தீபாவளி அன்று உறவினர்கள் எங்கெல்லாம் அமர்வார்கள் என்பதையும் சுவரில் தொங்கும் அந்த நாளிதழ்த் தாளைப் பார்த்தபடி எண்ணுங்கள். பக்கவாட்டு நாற்காலியிலும் தரையிலும் ஆட்கள் இருப்பார்கள். எல்சிடியில் விஏ என்ற வகை நேராகப் பார்ப்போருக்கு நல்ல கறுப்பைத் தரும், பக்கத்திலிருந்து பார்த்தால் நிறம் வெளுக்கும். ஐபிஎஸ் என்ற வகை பக்கத்திலிருந்தும் நிறம் மாறாது, ஆனால் அதன் கறுப்பு சுமார்தான். ஓஎல்இடியில் எங்கிருந்து பார்த்தாலும் படம் ஏறக்குறைய ஒன்றே.

கடையில், எல்லாப் பெட்டிகளும் கண்ணைப் பறிக்கும் காட்சி முறையில் ஓடிக்கொண்டிருக்கும். ரிமோட்டைக் கேட்டு வாங்கி, படத்தைச் சினிமா அல்லது ஃபிலிம்மேக்கர் முறைக்கு மாற்றச் சொல்லுங்கள்; மறுப்பவரிடம் வாங்க வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. அவர்கள் ஓட்டும் மீன்களையும் பூக்களையும் பார்க்காமல், நீங்கள் நன்கறிந்த ஒரு படத்தின் இருண்ட காட்சியை யூடியூபில் போடச் சொல்லி, பக்கத்தில் நகர்ந்து நின்று பாருங்கள். இலவச ஒளிபரப்புக்காக, மைடிவி அலைவரிசைகளைப் பெட்டி நேரடியாகப் பிடிக்குமா என்று கேளுங்கள். 2019 அக்டோபர் 31 முதல் பழைய அனலாக் ஒளிபரப்பு நாட்டில் இல்லை. மின்சிக்கனத்தைக் காட்டும், சுருஹஞ்ஜாயா தெனாகா என்ற எரிசக்தி ஆணையத்தின் நட்சத்திர முத்திரையையும் ஒப்பிடலாம்.

உத்தரவாதத் தாளில் நிழல் படிவது விலக்கப்பட்டிருக்கிறதா என்பதை வாங்கும் முன்பே படியுங்கள். வாய்மொழியாகச் சொல்லும் உறுதியை ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள், ஏனெனில் தகராறு வந்தால் 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை 5 ரிங்கிட் கட்டணத்தில் ஏற்கும் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் அந்த எழுத்துதான் பேசும். பெட்டி வந்திறங்கும்போது நிமிர்ந்த நிலையிலேயே படி ஏற்ற வேண்டும், படுக்கவைக்க விடாதீர்கள். கொண்டுவந்தவர்கள் புறப்படுமுன் முழு வெள்ளை, முழுச் சாம்பல் படங்களைத் திரையில் ஓடவிட்டு, விரிசலோ செத்த புள்ளியோ உண்டா என்று பார்த்த பிறகே கையெழுத்திடுங்கள். அட்டைப் பெட்டியைக் குறைந்தது இரண்டு வாரத்திற்கு வைத்திருங்கள். மாற்றித் தர ஒப்புக்கொண்டாலும் அட்டை இல்லாமல் எடுத்துப்போக மறுக்கும் கடைகள் உண்டு.