குட்டைக்கரையில் கூடாரம் வேண்டாம்

சத்தியமங்கலம், ஆனைகட்டிப் பக்கம் காட்டோரப் பட்டா நிலங்களில் கூடாரம் போட வருகிறவர்கள் டார்ச்சை மறப்பதும் முளையை ஆழமாக அடிக்காததும் ஒரே ராத்திரியில் திருந்திவிடும். திருந்தாதது இன்னொன்று.

தண்ணீரை மறிப்பது

குட்டையின் சரிவான கரையைப் பார்த்ததும் பையை இறக்கிவிடுகிறார்கள். தரை சமமாக, புல் படிந்து, கூடாரத்துக்குத் தோதாக இருக்கிறதே என்று. அப்படி மிதித்து வைத்ததே மாடும் மானும்தான். மற்ற பக்கமெல்லாம் செங்குத்தும் முள்ளும். அவை இறங்க இருப்பது அந்த ஒரு சரிவு. குளம்படி, சாணம், யானை லத்தி, சேறு தேய்த்த மரம், இதில் ஒன்று கண்ணில் பட்டாலும் அது விலங்கு இறங்கும் வழி.

கோடையில் கறவை மாட்டுக்கு ஒரு நாளைக்கு 50, 60 லிட்டர் தண்ணீர் வேண்டும். யானைக்கு 100 லிட்டருக்கு மேல். கூடாரத் துணி படபடத்தால் மாடு மிரண்டு இறங்காது. மேய்ப்பவர் 'விருந்தாளிங்க' என்று வாய் திறக்காமல் ஓட்டிக்கொண்டு போய்விடுவார். இரவில் வரும் யானை வெளிச்சத்தையும் பாட்டையும் கண்டு அடுத்த தோட்டத்துத் தொட்டிக்குத் திரும்பும். அங்கே வாழையும் சொட்டுநீர்க் குழாயும் நாசம். கூடாரத்தில் தங்கிப் படம் பிடித்தவர் மறுநாள் ஊருக்குக் கிளம்பிவிடுவார், நட்டம் பக்கத்துத் தோட்டக்காரர் தலையில். எரிச்சலே இதில்தான்.

அமெரிக்காவின் அரிசோனாவில் இதற்குச் சட்டமே உண்டு: வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் கால்நடைக்கும் காட்டு விலங்குக்கும் வழி அடைபடும்படி நீர்நிலையிலிருந்து கால் மைலுக்குள் தங்கக் கூடாது. நம் ஐந்து ஏக்கரில் 400 மீட்டருக்கு எங்கே போவது? நூறு எட்டு, சுமார் 70 மீட்டர், தள்ளிப் போடுங்கள். அவை வரும் வழிக்கு எதிர்ப்புறமாக. தண்ணீர் மொள்வதை நாலு மணிக்குள் முடியுங்கள். நிலக்காரர் அந்த எல்லையில் சுண்ணாம்பு அடித்த கல் நாலு நட்டுவிட்டால் வாக்குவாதமே வராது.

இட்டேரி

இரு பக்க வேலிக்கும் நடுவே போகும் மாட்டு வழி. பகலில் ஆளரவமில்லாமல் கிடக்கும். அந்தியில் பட்டிக்குத் திரும்பும் மாடெல்லாம் அதில்தான் வரும். குறுக்கே கூடாரக் கயிற்றைக் கட்டினால், முன்னால் ஓடிவரும் கன்றுக்குக் கால் போகும்.

படல்

வேலி வாசலை அடைக்கும் தட்டி. திறந்திருந்தால் திறந்தபடி, சாத்தியிருந்தால் சாத்தியபடி விடுங்கள்.

மிச்சச் சோறு

சோறு ஒட்டிய பாலிதீன் பையை மாடு பையோடு விழுங்கும். செரிக்காமல் வயிற்றிலேயே தங்கிவிடும். வெளியே கொட்டினால் காட்டுப்பன்றி. பலாப்பழத்தைக் கூடாரத்துக்குள் வைத்தால் யானையை வரச் சொன்ன மாதிரி.

தீ

பிப்ரவரி முதல் மே வரை மூட்டவே கூடாது.